ஹாலில் மட்டும் ஈரம்

தரை போடுவதில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று நானே சொன்னால் தற்பெருமை என்பார்கள். அதனால் மஸ்கட்டில் எங்கள் ரூவி ஏரியாவில் வேறு யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மஸ்கட்டுக்கு மணல் சலிக்கிற ஹெல்ப்பராக வந்தேன். இன்றைக்கு எனக்கென்று ஒரு கம்பெனி, என் கம்பெனி விசாவில் ஆட்கள், என் வண்டிக் கதவில் என் போன் நம்பர். ரசமட்டம் வைக்காமலே, நின்ற இடத்திலிருந்து பார்த்து, அந்த மூலை ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்று சொல்வேன். வைத்துப் பார்த்தால் ஒரு நூல் இறங்கித்தான் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவனை ஒரு ஹால் ஒரு குளிர்காலம் முழுக்க உட்காரவிடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். வண்டியை எடுப்பேன், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் பெட்ரோல் பங்க் வரை போய்த் திரும்புவேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

கான்கிரீட் தளத்துக்கு மேலே, டைல்ஸோ மரமோ ஒட்டுவதற்கு முன்னால், மணலும் சிமென்டும் கலந்து மட்டமாக ஓர் அடுக்கு விரிப்போம். ஸ்கிரீட் என்பார்கள். வீட்டுக்காரர் கண்ணில் கடைசிவரை படாத வேலை அது. ஆனால் மேலே போடுகிற பளபளப்பெல்லாம் அதன் தோள்மேல்தான் நிற்கிறது. வளைகுடாவில் இந்த வேலைக்கு ஒரே எதிரி வெயில். காலையில் விரித்தால் மத்தியானத்துக்குள் தண்ணீரை உறிஞ்சிவிடும், அப்படி உறிஞ்சினால் வெடித்துவிடும். அதனால் ஈரச் சாக்கு போடு, தண்ணீர் தெளி, பிளாஸ்டிக்கால் மூடு, ஓடப் பார்க்கிற தண்ணீரைப் பிடித்து வை. இத்தனை வருஷமும் நானும் என் ஆட்களும் செய்தது தண்ணீருக்குக் காவல். தண்ணீரே, தயவுசெய்து வெளியே போ என்று நான் கெஞ்சியது ஜபல் அக்தர் மலைமேல் அந்த வீட்டில்தான்.

கீழே அடிவாரத்து நிஸ்வாவில் ஒற்றைச் சட்டையோடு திரிகிற நாளில், அந்த மலைமேல் குழாயில் தண்ணீர் உறைந்து கிடக்கும். வீட்டுக்காரர் நிஸ்வாக்காரர், வயதானவர். எல்லோரும் அவரை அர்பாப், அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவோம். மனைவிக்கு முழங்கால் வைத்தியம் பார்க்க வெளிநாடு போயிருந்தபோது, அங்கே மரத்தரைக்கு அடியில் சுடுதண்ணீர்க் குழாய் ஓடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தரையில் அந்த அம்மா செருப்பில்லாமல் நடந்திருக்கிறார், வலி தெரியவில்லையாம். அவ்வளவுதான். மலைமேல் வீடு, வீடு முழுக்க மரத்தரை, மரத்துக்கு அடியில் சூடு. வருகிற நோன்பை அந்த வீட்டில்தான் பிடிக்கவேண்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

இந்த மாதிரித் தரைக்கு முறை வேறு. முதலில் குழாயைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் பதிப்பார்கள். அதன்மேல் என் ஸ்கிரீட். அது தானாக இறுகும்வரை சூடு காட்டக்கூடாது. இறுகிய பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மெஷினிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீரை ஓட்டி, நாளுக்கு நாள் கொஞ்சம் சூடு ஏற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கிற ஈரத்தைக் கிளப்பி வெளியே அனுப்பவேண்டும். ஈரம் இருக்கும்போதே மரத்தைப் போட்டால், மரம் அதைக் குடித்துவிட்டு உப்பிக்கொள்ளும்.

நிஸ்வாவில் அர்பாப் வீட்டில் காவா என்கிற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் வைத்துப் பேச்சு நடந்தது. கன்சல்டன்ட் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்திருந்தது. மஸ்கட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்பிள்ளை. தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் போய் முடிக்கும்.

"அங்கிள், இந்த டைப் ஃப்ளோர் முன்னாடி பண்ணியிருக்கீங்களா?"

"தரைன்னா தரைதானம்மா. அடியில குழாய் ஓடுனா என்ன, வாய்க்கா ஓடுனா என்ன."

"அப்ப பண்ணலை."

"இன்னும் பண்ணலை. இனிமே பண்ணுனவன்."

அர்பாப் நன்றாக இந்தி பேசுவார். நாங்கள் தமிழில் என்ன பேசிக்கொள்கிறோம் என்று என்னிடமே கேட்டார். நோன்புக்கு முன்னால் மரம் இறக்குகிற மாதிரி தரையைக் காயவைத்துத் தருகிறேன், இல்லாவிட்டால் என்னை மஸ்கட்டில் தரை போடுகிறவன் என்று யாரும் சொல்லவேண்டாம் என்றேன். அங்கே அவருடைய தம்பிகள், மருமகன்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் சொன்ன வார்த்தை.

தரை நன்றாகத்தான் வந்தது. ஆட்களை மலைமேலேயே தங்கவைத்தேன். காம்பவுண்டுக்குள் ஒரு தகர கேபின். ஃபோர்மேன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. அறந்தாங்கிப் பக்கம் சும்மா திரிந்தவனை நான்தான் கூட்டிவந்து கரண்டி பிடிக்கப் பழக்கினேன். வாய் கொஞ்சம் அதிகம், வேலையும் அதிகம். சைட்டுக்கு வந்த மின்சாரம் தற்காலிக லைன். தரை மெஷின் ஓடினால் கேபின் ஹீட்டர் ஓடாது, இரண்டையும் போட்டால் பியூஸ் போகும். நான் தரைக்குக் கொடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் தரைக்குத்தான் கொடுப்பேன். அதற்காகத்தான் மலை ஏறினோம்.

முதல் டெஸ்ட். இன்ஜினியர் ஒவ்வொரு அறையிலும் சதுரமாக பிளாஸ்டிக் வெட்டித் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போனது. மறுநாள் பிரித்துப் பார்த்தால், தரைக்குள் ஈரம் இருந்தால் பிளாஸ்டிக்கின் அடிப்பக்கம் வேர்த்திருக்கும். படுக்கையறைகளில் எல்லாம் எலும்பாகக் காய்ந்திருந்தது. ஹாலில் பிரித்தால், சோற்றுப் பானை மூடியைத் திருப்பினது மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர். ஈரம் காட்டுகிற மீட்டரை வைத்துப் பார்த்தது, மீட்டரும் அதையே சொன்னது.

"பைப் லீக் அங்கிள்."

"லீக்குன்னா பிரஷர் முள்ளு இறங்கணும். போயிப் பாரு, வச்ச எடத்துல நிக்குது."

"ஸ்லோ லீக்னா உடனே தெரியாது. ஒரே மிக்ஸ், ஒரே ஹீட். ஹால்ல மட்டும் எங்கேருந்து ஈரம்? நீங்களே சொல்லுங்க."

 தெரிந்தால்தானே சொல்ல.

அன்று சாயங்காலம் அர்பாப் போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை, மெதுவாகத்தான் பேசினார். அதுதான் பயம். அடுத்த டெஸ்ட்டிலும் ஹால் ஈரமாக இருந்தால் உடைத்துவிடலாம், வேறு கம்பெனி பேசியாயிற்று, கலாஸ், அதோடு முடிந்தது என்றார்.

உடைப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். ஸ்கிரீட்டை உடைத்தால் உள்ளே இருக்கிற குழாயும் போகும். குழாய் போனால் பழி ஸ்கிரீட் போட்டவன் தலையில். வளைகுடாவில் தரை உடைபட்டவன் என்று பெயர் வாங்கினால் எந்தக் கன்சல்டன்ட்டும் திரும்ப உள்ளே விடமாட்டான். வேலை இல்லாத கம்பெனியை எத்தனை மாதம் நடத்த முடியும்? என் விசாவில் இருக்கிற அத்தனை பேரும் ஊருக்குப் பெட்டி கட்டவேண்டியதுதான், மச்சினன் முதற்கொண்டு. எனக்கு இந்த வயதில் இன்னொருவனிடம் போய் மணல் சலிக்க முடியுமா?

வேலை அதிகம் என்றால் ஆள் போடலாம். அவசரம் என்றால் இரண்டு ஷிப்ட் ஓட்டலாம். காய்வதற்கு ஆள் போடமுடியாது. ஆயிரம் பேரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அது காய்கிறபோதுதான் காயும். எல்லாவற்றையும் கையால் அடித்துச் சாதித்த எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ரூவியில் வீட்டுக்குள் நடந்தேன். ஒட்டிய டைல்ஸை எண்ணுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டே நடந்தேன். பகலெல்லாம் மணிக்கொருதரம் மச்சினனுக்குப் போன்.

"ஜன்னல் தொறந்திருக்கா மாப்ள?"

"தொறந்திருக்கு அத்தான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. உள்ள நின்னா காத்து ஆள தூக்குது."

"மெஷின் சூடு?"

"காலையில சொன்ன அதே சூடு. நீங்க கேக்குறதுக்காக அது ஏறாது அத்தான்."

கத்தினேன். அவன் அக்காளுக்குப் போன் போட்டுவிட்டான். ஊரிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள். "என் தம்பியப் போட்டு ஏன் இந்தக் கத்து கத்துறீங்க? தரைதான காயல, தரையப் பாத்துக் கத்துங்க" என்றாள்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை மலைக்குப் போனேன். பாதிவழியில் போலீஸ் செக்போஸ்ட், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியைத்தான் மேலே விடுவார்கள். அந்தப் போலீஸ்காரரே என்னைப் பார்த்துச் சலாம் வைக்கிற அளவுக்குப் போனேன். நான் போகும்போதெல்லாம் ஜன்னல் திறந்திருக்கும், ஹால் பெருக்கிச் சுத்தமாக இருக்கும். குனிந்து உள்ளங்கையை வைப்பேன். சூடு இருக்கும். சூட்டுக்குள் ஒரு பிசுபிசுப்பும் இருக்கும். மாவு பிசைந்துவிட்டுக் கழுவாத கை மாதிரி. குழாய் போட்ட பிளம்பரைக் கூட்டிவந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கவைத்தேன். மாடியில் ஏறி மழைத்தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்தேன். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் தோண்டச் சொன்னேன். எங்கும் ஒன்றும் இல்லை.

கடைசியில் ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஹாலில் வைத்தேன். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அடியில் ஒரு பக்கெட்டில் சேர்க்கும். மச்சினன் தினமும் பக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவான். தினமும் நிறைந்திருந்தது. முதலில் சந்தோஷப்பட்டேன், போகிறது போகிறது என்று. பிறகு சந்தோஷம் நின்றுவிட்டது. அந்தக் கலவையைக் கலந்தவன் நான். உருண்டை பிடித்தால் நிற்கவேண்டும், கையை விரித்தால் உள்ளங்கை நனைந்திருக்கக்கூடாது, அதுதான் என் பக்குவம். அந்தத் தரை மொத்தத்தையும் பிழிந்தாலும் இத்தனை பக்கெட் வராது. அந்தத் தண்ணீர் என் தண்ணீர் இல்லை. வேறு எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது. பிரஷை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். போன் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை ஆட்களுக்கு லீவு, நானும் வெள்ளிக்கிழமை போனதே இல்லை.

மலைமேல் ஒரே மூட்டம். முதல்நாள் மழை பெய்திருந்தது. கேட்டைத் திறந்தேன், கேபினில் ஆள் அரவம் இல்லை. வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கதவைத் தள்ளினால் முகத்தில் ஆவி அடித்தது, இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி.

ஹாலின் நடுவில், பெரிய நீலத் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் பாய், பாய்மேல் கம்பளி. வரிசையாகப் படுத்திருக்கிறார்கள் என் ஆட்கள். தலைக்குமேலே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கயிறு. கயிற்றில் டூட்டிச் சட்டை, பேன்ட், கைலி, துண்டு, மழையில் நனைந்த ஜாக்கெட், எல்லாம் சொட்டச் சொட்ட. ஓரமாக கேஸ் அடுப்பில் டீத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், தரையில் சூடு நன்றாக ஏறுகிற இடமாகப் பார்த்து, துணி போட்டு மூடிய இரண்டு பெரிய சட்டி. என் மச்சினன் ஒரு சட்டிக்கு முன்னால் குந்தி, துணியைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா அது?"

திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை.

"இட்லி மாவு அத்தான்."

"இட்லி மாவா?"

"இந்தக் குளிர்ல மாவு பொங்கவே மாட்டேங்குது அத்தான். இங்க வச்சாத்தான் பொங்குது."

நான் அவனை அடிக்கவில்லை. அடிக்கக் கை எழவில்லை என்பதுதான் சரி. நான் வாடகைக்கு எடுத்த மெஷின் கயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. துணி சீக்கிரம் காய்கிறது என்று அங்கே நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

ஆட்கள் எழுந்து கம்பளியைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். இரு என்றேன்.

"எத்தனை நாளா?"

"கேபின்ல படுக்க முடியலண்ணே" என்றான் ஒருவன். "தகரத்துல உள்பக்கம் ஐஸ் கட்டுது. பல்லு தந்தி அடிக்குது."

"ஜன்னல் தொறந்திருக்குன்னு போன்ல சொன்னியே" என்றேன் மச்சினனிடம்.

"நீங்க கேக்குறப்பல்லாம் தொறந்துதான் இருந்துச்சு. பகல்ல தொறப்போம், பொழுது சாஞ்சா சாத்துவோம். இன்னைக்கு லீவு, இன்னும் தொறக்கல. நீங்க பொழுது சாஞ்சு கேக்கவே இல்லையே."

"தார்ப்பாய் எதுக்குடா? பாய்தான் இருக்கே."

இதற்கு அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னான். "உங்க தரை அத்தான். வேர்வ படும், டீ கொட்டும், எண்ண படும். அழுக்காகிடக் கூடாதுன்னு மொதல்ல தார்ப்பாய விரிச்சுட்டுத்தான் பாய் போட்டோம். வெறும் தரையில ஒரு பய காலு வைக்கல."

 என்னிடம் வேலை பழகியவர்கள். போட்ட தரையை பிளாஸ்டிக்கால் மூடிக் காப்பாற்று என்று இத்தனை வருஷமாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? மரியாதையாக மூடி, மேலே படுத்து, ஈரம் வெளியே போகிற வழியையும் அடைத்துவிட்டார்கள்.

"வெளிய எடுத்துப் போட்டுறலாம் அத்தான்" என்றான். "அந்தப் பிள்ளை ஞாயித்துக்கெழமதான வருது. ரெண்டு நாள் நல்லாத் தொறந்து போட்டா காஞ்சுரும். யாருக்குத் தெரியப் போகுது?"

ரெண்டு நாளில் காயாது. அது எனக்குத் தெரியும். காயாத தரையைப் பார்த்தால் அந்தப் பிள்ளை லீக் என்றுதான் எழுதும், உடைக்கத்தான் சொல்லும். உண்மையைச் சொல்லிவிட்டாலோ, கட்டுகிற வீட்டுக்குள் ஆள் தூங்கினால் அன்றைக்கே சைட்டை விட்டு வெளியே என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மூடினாலும் போச்சு, சொன்னாலும் போச்சு. ஹாலை இரண்டு சுற்று சுற்றினேன். தார்ப்பாயின் ஓரத்தைக் காலால் தூக்கினேன். அடியில் தரை கறுத்து ஈரமாக இருந்தது. தார்ப்பாய் படாத சுவரோரம், ஒரு கை அகலத்துக்கு, வெளுத்துக் காய்ந்திருந்தது. குனிந்து உள்ளங்கையை வைத்தேன். பிசுபிசுப்பே இல்லை.

அப்போதுதான் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. படித்தவனாக இருந்திருந்தால் பயந்து எல்லாவற்றையும் ஒளித்திருப்பேன்.

"எதையும் எடுக்காத" என்றேன். "ஒரு துணி நகரக்கூடாது. இப்படியே கெடக்கட்டும்."

"அத்தான், உங்களுக்கு எதுவும் ஆகிப்போச்சா?"

போனை எடுத்து அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன். "இன்னைக்கே வாம்மா. அர்பாபையும் தொழுகை முடிச்சுக் கூட்டிட்டு வா."

"அங்கிள், இன்னைக்கு ஃப்ரைடே."

"எனக்குத் தெரியாதா? வாம்மா. வந்து பாத்துட்டு உடைக்கச் சொல்லு, நானே கடப்பாறை எடுத்துத் தர்றேன்."

அவர்கள் வரும்வரை எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். நான் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தேன். ஆட்கள் வெளியே படியில் வரிசையாகக் குந்தி, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் பசிக்கவில்லை, அல்லது பசிக்கிறது என்று சொல்லத் தைரியம் இல்லை. உள்ளே மாவு பொங்கிக்கொண்டே இருந்தது. துணியைத் தள்ளிக்கொண்டு சட்டியை விட்டு வழிந்து தார்ப்பாயில் ஓட ஆரம்பித்தது. மச்சினன் வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான்.

"அதையாவது எடுத்துக்கவா?"

"தொடாத."

"வீணாப் போகுது அத்தான்."

"உன் விசா போகப் போகுது. மாவுக்கு அழுவுறான்."

அர்பாபின் வண்டி வந்தது. கூடவே அந்தப் பிள்ளை. ஹால் வாசலில் இருவரும் நின்றுவிட்டார்கள். தலைக்குமேலே தொங்குகிற உள்பனியன்களை அர்பாப் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். ஆட்கள் இங்கேதான் தூங்கினார்கள், துணி காயப்போட்டார்கள், நான் இன்றைக்குத்தான் பார்த்தேன், நானே உங்களைக் கூப்பிட்டேன், முதலில் தரையைப் பாருங்கள், பிறகு எங்களைப் பாருங்கள் என்றேன்.

மச்சினனும் இன்னொருவனுமாகத் தார்ப்பாயைத் தூக்கினார்கள். அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர், மடித்தபோது ஓடையாக வழிந்தது. தரையில் தார்ப்பாய் கிடந்த அளவுக்கு, மூலை மடிந்த இடம் வரைக்கும், வரைந்து வைத்த மாதிரி ஈரம். அதைத் தாண்டிச் சுற்றிலும் வெள்ளை. அந்தப் பிள்ளை மண்டிபோட்டு மீட்டரை வைத்தது. நடுவில் வைத்தது, ஈரம். சுவரோரம் வைத்தது, வறட்சி. நாலு சுவரோரமும் வைத்தது. பிறகு மண்டிபோட்டபடியே என்னைப் பார்த்தது.

"அங்கிள், நான் ஒட்டுனது சின்ன பிளாஸ்டிக். உங்க ஆளுங்க ஹால் சைஸுக்கு டெஸ்ட் பண்ணியிருக்காங்க."

"லீக்குன்னா கோடு போட்டு நிக்குமாம்மா?"

"நிக்காது" என்றது. "லீக் இல்லை." நேர்மையான பிள்ளை. சொன்னதை மாற்றிச் சொல்ல அதற்குக் கூச்சம் இல்லை. அர்பாபிடமும் அரபியில் அதையே சொன்னது. அரபி அவ்வளவு சுத்தமாகப் பேசும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அர்பாப் அதைக் காதில் வாங்கின மாதிரியே இல்லை. "இந்த வீட்டில் என் மனைவி இன்னும் ஒருநாள்கூட உட்காரவில்லை" என்றார் இந்தியில். "அதற்குள் இவர்கள் தூங்கிவிட்டார்கள்." குரல் உயரவில்லை. ஆட்கள் தலையைக் குனிந்தார்கள். 

"யார் சொல்லித் தூங்கினார்கள்?"

மச்சினன் முன்னால் வந்தான். "நான்தான் சொன்னேன் அர்பாப். இவங்க மேல தப்பு இல்ல." தமிழும் இந்தியும் கலந்து உளறினான். கேபின், குளிர், ஐஸ் என்று கையால் காட்டினான்.

அர்பாப் கேபினுக்கு நடந்தார். உள்ளே போய்த் தகரத்தில் கைவைத்துப் பார்த்தார். வெளியே வந்து தோளில் இருந்த சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு மச்சினனிடம் கேட்டார், "ஹாலில் சூடாக இருந்ததா?"

"பஹுத் சூடு அர்பாப்" என்றான் அவன், இந்தப் பயலுக்கு எங்கே என்ன பேசவேண்டும் என்று தெரியாது. "நடுவுலதான் ரொம்ப சுகம். அந்த எடத்துக்குத்தான் தெனம் எங்களுக்குள்ள சண்டை. ஜன்னல் பக்கம் படுத்தா முதுகு மட்டும் கொஞ்சம் சில்லுனு இருக்கும்."

அர்பாப் அவனையே பார்த்தார். சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் ஜன்னல் பக்கத்தைக் காட்டி ஏதோ அரபியில் கேட்டார், அது தன் நோட்டில் குறித்துக்கொண்டது. பிறகு என்னிடம் வந்தார். ஹாலைப் பூட்டி சாவியை இன்ஜினியர் வைத்துக்கொள்ளட்டும். ஆட்கள் டிரைவருக்குக் கட்டிய அறையில் படுக்கட்டும், அங்கேயும் அடியில் சூடு உண்டு, மேலே டைல்ஸ்தான், ஈரம் ஒன்றும் செய்யாது. நோன்புக்கு முந்தின வாரம் டெஸ்ட். அன்றைக்கு ஈரம் இருந்தால் பேச்சே கிடையாது. இவ்வளவுதான் சொன்னார். வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடிக்கவில்லை. அதுவரைக்கும் ஒருநாளும் அவர் கையைப் பிடிக்காமல் போனதில்லை.

அப்புறம் நடந்ததுதான் பெரிய வேதனை. நான் போட்ட தரைக்குள் நான் போகமுடியாது. காலையில் வந்து ஜன்னலைத் திறந்து, பொழுது சாய்ந்ததும் ஈரம் உறிஞ்சுகிற மெஷினை ஓட்டிப் பூட்டிவிட்டுப் போக, அந்தப் பிள்ளை தன் கம்பெனி ஆள் ஒருவனை வைத்துவிட்டது. நான் வெளியே நின்று, ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். கறுத்த இடம் சுருங்குகிறதா? சுருங்கினது மாதிரி இருக்கும். வெயில் மாறினால் பழையபடி தெரியும். வீட்டைச் சுற்றி நடந்து நடந்து செடி வைக்கத் தோண்டிய மண்ணில் ஒரு தடம் விழுந்துவிட்டது.

"ஆடு கட்டுன மாதிரி சுத்துறீங்களே அத்தான்" என்றான் மச்சினன். "உக்காந்து ஒரு டீ குடிங்க. சுத்துனா காயுமா?"

"உக்காந்தா காயுமா?"

"ரெண்டுக்கும் காயாது. உக்காந்தா கால் வலிக்காது."

உட்காரவில்லை. பக்கெட் எவ்வளவு நிறைந்தது என்று அந்தக் கம்பெனி ஆளிடம் கேட்டுக்கொள்வேன். முக்கால் என்றான். பாதி என்றான். ஒருநாள் அடியில் கொஞ்சம் கிடக்கிறது என்றான். அன்றைக்கு மட்டும் செக்போஸ்ட் போலீஸ்காரருக்கு நான் முதலில் சலாம் வைத்தேன்.

டெஸ்ட் நாள். அந்தப் பிள்ளை பூட்டைத் திறந்தது. முந்தின நாள் ஒட்டிய பிளாஸ்டிக் சதுரங்கள் ஹாலில் அங்கங்கே கிடந்தன. அர்பாப் வந்து வாசலுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. முதல் சதுரத்தைப் பிரித்தது. வறட்சி. இரண்டாவது, வறட்சி. நடுவில், ஆட்கள் சண்டை போட்டுப் படுத்த இடத்தில், பிரித்ததும் நான் குனிந்து கையை வைத்துவிட்டேன்.

"அங்கிள், உங்க கையை ரிப்போர்ட்ல எழுத முடியாது. நகருங்க."

"எழுதுனா மீட்டரே வேண்டாம்மா. காஞ்சிருச்சு."

மீட்டரை வைத்தது. தள்ளி வைத்தது. இன்னொரு பக்கம் வைத்து, கொஞ்சநேரம் காத்திருந்து, திரும்ப முதல் இடத்துக்கே வந்தது.  மச்சினன் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான், நான் விழுவேன் என்றா, அவன் விழுவான் என்றா தெரியாது.

"மரத்தை இறக்கச் சொல்லுங்க" என்றது.

அர்பாப் உள்ளே வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெறும் காலோடு நடுவில் வந்து நின்றார்.  பிறகு என் கையைப் பிடித்தார். தரை நல்ல தரை என்றார். அது எனக்கு முன்பே தெரியும், ஆனாலும் அவர் வாயால் வந்தது நல்லது.

சாயங்காலமே மர லாரியை மலைக்கு ஏற்றிவிட்டேன். கட்டுக் கட்டாக இறக்கி ஹாலில் அடுக்கினோம். நாளைக் காலையில் ஒட்ட ஆரம்பித்துவிடலாம், நோன்புக்கு முதல் நாளே கலாஸ் என்றேன்.

"நாளைக்கு முடியாது அங்கிள்" என்றது அந்தப் பிள்ளை. "மரம் சில நாள் இந்த ரூம்ல சும்மா கிடக்கணும். இந்தச் சூட்டுக்குப் பழகணும். அப்புறம்தான் ஒட்டணும்."

"சும்மா கெடக்கணுமா?"

"சும்மாதான். நோன்புக்குள்ள முடிச்சிடலாம், டென்ஷன் ஆகாதீங்க."

மச்சினன் மரக்கட்டுகளைப் பார்த்தான். ஹாலின் நடுவில், நல்ல சூடு வருகிற இடத்தில் அவை வரிசையாகப் படுத்திருந்தன.

"நாங்க படுத்தா தப்பு, மரம் படுத்தா சரியாம்" என்றான்.

ஆட்கள் சிரித்தார்கள். நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இன்னொரு காத்திருப்பை நின்று பார்க்க என்னால் முடியாது.